இருபத்தேழாவது எலும்பு

மார்ச் 3, திங்கள். காலை 6.40.

ஒரு பாதத்தில் இருக்க வேண்டிய எலும்புகள்: 26. என் இடது பாதத்தில் இருப்பவை: 27. வீட்டில் ஆட்கள்: 3. அதில் இரண்டு பேருக்கு இந்தக் கணக்கு இன்னும் தெரியாது.

சனிக்கிழமை எடுத்த எக்ஸ்ரேயில் டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். பாதத்தின் உள்பக்கம், வளைவுக்குச் சற்று மேலே, கொண்டைக்கடலை அளவில் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. பிறவியிலேயே வந்தது. பத்தில் ஒருவருக்கு இருக்குமாம், பெரும்பாலானவர்களுக்கு வலிக்காதாம். எனக்கு வலிக்கிறது. பெரும்பாலானவர்கள் கூட்டத்தில் என்னை எப்போது சேர்த்தார்கள்?

புடைப்பு சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மா வைத்த பெயர் பட்டாணி. பள்ளிக்கூட ஷூ அதில் உரசிப் புண்ணாகும். அம்மா ஷூவின் பக்கவாட்டில் பிளேடால் வட்டமாக வெட்டி, மெத்தென்ற துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு வருஷமும் புது ஷூ, புது ஓட்டை. இப்போது போடுவது இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ. அதில் ஓட்டை போட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான். ஊரில் பாதிப் பேர் நினைப்பது, நாங்கள் நாள் முழுக்க லிஃப்டில் போய் வருகிறோம் என்று. அட அறிவுக்கொழுந்துகளே, லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே எங்களைக் கூப்பிடுகிறீர்கள்? மோட்டார் இருப்பது மொட்டைமாடியில். கருவிப்பெட்டியோடு படியில்தான் ஏறுகிறோம்.

மார்ச் 5, புதன்.

அறுவை சிகிச்சை 17ஆம் தேதி. அந்த எலும்பை எடுத்துவிட்டு, அதில் ஒட்டியிருக்கும் தசைநாணைப் பக்கத்து எலும்பில் வைத்துத் தைப்பார்கள். ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது. கேட்கவே பிடித்திருந்தது. வேண்டாத பாகம், கழற்று, மீதியை இறுக்கு, முடிந்தது.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இருக்கா? இது பெரும்பாலும் பரம்பரையா வரும்."

தெரியாது என்றேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 6, வியாழன்.

வீட்டில் பாதப் பரிசோதனை. அப்பா சோபாவில், அம்மா நாற்காலியில், விஷயம் கேள்விப்பட்டுத் தன் வீட்டிலிருந்து வந்த அக்கா தரையில். வரிசையாகக் கால் நீட்டச் சொல்லிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக நடந்து மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். பாதம் பலகை மாதிரி இருக்கிறது. புடைப்பு எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கூச்சம், காலை இழுத்துக்கொண்டே சிரித்தாள். "டேய், விடுடா, குறுகுறுங்குது!" அவளுக்கும் இல்லை. அக்கா, "எனக்கு நகம் வெட்டிவிட்டுட்டுப் போ," என்றாள். அவளுக்கும் இல்லை.

"உனக்கு மட்டும் ஸ்பெஷலா வந்திருக்கு, வச்சுக்கோ," என்றார் அப்பா.

வேலை முடிந்து வந்தவுடன் வழக்கம்போல வாளியில் வெந்நீர். அம்மா பட்டாணியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இது கொஞ்சம் ஓவர்தான். வேண்டாம் என்றால், "பேசாம உக்காருடா. உன் காலைப் பத்தி உன்னைவிட எனக்குத் தெரியும்," என்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு. அம்மா, அப்பா, அக்கா, நான். நான்தான் ஆரம்பித்தேன். "டாக்டர் பரம்பரைன்னு சொன்னாங்க. உங்க மூணு பேர்கிட்டயும் இல்ல. அப்போ இது எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வந்தா என்ன, வெட்டி எடுக்கத்தானே போறாங்க? சாப்பிடுடா," என்றாள் அம்மா.

"அப்படி விட முடியாதும்மா. ஒரு லைன்ல கரண்ட் வருதுன்னா எங்கேருந்தோ வந்துதான் ஆகணும்."

பழுது தேடுவது அப்படித்தான். ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழி. கழித்தது போக மிச்சம் இருப்பதுதான் பதில். நான் அதை உரக்கச் செய்துகொண்டிருந்தேன், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எப்போது வந்தாலும் என் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்று சொல்வாள்: "இவன் யார் சாடைன்னே தெரியலையே!" சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள். அம்மா காபி போட உள்ளே போய்விடுவாள். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அதுவும் வாயில் வந்தது.

"அத்தை கேக்கறது சரிதான் போலிருக்கே," என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். "என்ன சொன்ன?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இவள் புரியாமல் கேட்கிறாள் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கினேன்! "இல்லம்மா, லாஜிக்கா பாரு. உன் வழியா வரணும், இல்லன்னா அப்பா வழியா வரணும். ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. நான் உன் பிள்ளைங்கறது நிச்சயம். அப்போ—"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவைப்படவில்லை.

அப்பா தண்ணீர் குடித்தார். காலி டம்ளரை இன்னொரு முறை வாயில் வைத்தார். அக்கா என் தட்டைத் தள்ளிவிட்டாள். "எழுந்து போடா நாயே."

கேலிக்குச் சொன்னேன் என்று எழுதலாமா? பாதி கேலி. மீதி? மீதி எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மார்ச் 10, திங்கள்.

சாப்பாட்டு டப்பா மேஜையில் இருந்தது. கையில் கொடுக்கவில்லை. சாயங்காலம் வாளி இல்லை.

மார்ச் 13, வியாழன்.

அம்மா பேசுகிறாள். "சாப்பாடு இருக்கு." "கதவைச் சாத்து." "மழை வரும் போல." எல்லாம் பேசுகிறாள், ஆனால் 'டா' போடவில்லை. இன்று பூராவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒன்றுகூட வரவில்லை.

கூட வேலை செய்கிறவனிடம் சொன்னேன். ஸ்பேனர் என்று கூப்பிடுவோம், எதற்கும் முதலில் அதைத்தான் எடுப்பான். ஏழாவது மாடிக் கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டான்.

"இதை உங்கம்மாகிட்டயே கேட்டியா?"

"ஆமா."

"அப்பா முன்னாடி?"

"ஆமா."

"நீ மனுஷனா, மல்டிமீட்டரா?"

மன்னிப்புக் கேள் என்றான். கேட்கலாம். ஆனால் கணக்கில் எங்கே தவறு? தவறு எங்கே என்று தெரியாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? — இதைக் கேட்டதும் அவன் துடைத்த துணியை என் மேல் எறிந்தான்.

மார்ச் 17, திங்கள். மருத்துவமனை.

எழுத முடிகிறது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள். கால் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

எலும்பை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இவ்வளவுதானா?

எழுத வந்தது வேறு. காலையில் சேர்க்கும்போது நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார்: "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மா."

பக்கத்தில் அப்பா. "இவங்க?"

அம்மா சொன்னாள், "அதை அவனையே கேளுங்க."

நர்ஸ் சிரித்தார். ஏதோ குடும்பத்துக் கேலி என்று நினைத்திருப்பார். நான் படுக்கையிலிருந்து "அப்பா" என்றேன். நர்ஸுக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். மீட்டர் அட்டையில் போடுவது போலவே சுருக்கமாக, தலை நிமிராமல்.

மார்ச் 18

மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. ஐயோ. யாரோ காலுக்குள் டிரில்லிங் மெஷினை ஓடவிட்டுவிட்டு போன் பேசப் போய்விட்ட மாதிரி. அம்மா ராத்திரி முழுக்க நாற்காலியில்தான் இருந்தாள் என்று நர்ஸ் சொல்லித்தான் தெரியும். கண் விழித்துப் பார்த்த நேரமெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 22, சனி.

வீடு. மாவுக்கட்டு முழங்கால் வரை. தலையணை அடுக்கிக் கால் உயரத்தில். அம்மா எல்லாம் செய்கிறாள். வேளைக்கு மாத்திரை, குளிக்கும்போது கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை, குளியலறைக்குள் ஒரு ஸ்டூல். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆஸ்பத்திரியில் நல்ல நர்ஸ் இப்படித்தான் செய்வார்.

மார்ச் 31, திங்கள்.

தையல் பிரித்தார்கள். புதுக் கட்டு. என்னுடன் வந்தது அப்பா.

டாக்டரிடம் கேட்டேன்: பரம்பரை என்றீர்களே, எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே?

"யார் பார்த்தா?"

"நான்தான். அழுத்திப் பார்த்தேன்."

"அழுத்திப் பார்த்தா எல்லாருக்கும் தெரியாதுப்பா. சிலருக்கு உள்ளேயே சின்னதா இருக்கும், சாகற வரைக்கும் தெரியாது, வலியும் வராது. படம் எடுத்தாத்தான் தெரியும். சில குடும்பத்துல ஒரு தலைமுறை விட்டு வரும். சில பேருக்கு யார்கிட்டேருந்தும் இல்லாம, தானாவே வரும். இதுல என்ன இருக்கு?"

இதில் என்ன இருக்கிறதாம்.

கணக்குத் தவறில்லை. கருவி தவறு. என் கட்டைவிரலை மீட்டர் என்று நம்பியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது — அளவைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அளக்கிற கருவியைச் சந்தேகப்படு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா என் அக்குள்கட்டைகளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "நான் சொன்னது தப்பும்மா. அப்படிப் பார்க்கக் கூடாதாம். டாக்டர் சொன்னாங்க."

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "டாக்டர் சொன்னதாலதான் தப்பா?"

அவள் நறுக்கி முடித்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 4, வெள்ளி.

அம்மா போய்விட்டாள்.

முதலிலிருந்து. காலையில் அப்பா வெளியே போனார். பதினொரு மணிக்கு ஒரு பெரிய காக்கி உறையோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சட்டையைக்கூட மாற்றாமல் உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி ஜன்னல் கண்ணாடியில் வைத்து டேப் ஒட்டினார். "வாடா, வந்து பாரு."

ஒற்றைக் காலில் குதித்துப் போய்ப் பார்த்தேன். அவருடைய இரண்டு பாதங்கள். இடது பாதத்தின் உள்பக்கம், என் படத்தில் இருந்த அதே இடத்தில், ஒரு குட்டி வெள்ளைப் புள்ளி. பயறு அளவுதான் இருக்கும்.

"இருக்குடா! நாள் பூரா நடந்தேன், ஒரு நாள் வலிச்சதில்ல. பாரு, இருக்கு!"

நான் சிரித்தேன். அவர் என் தோளைத் தட்டினார். நானும் அவர் தோளைத் தட்டினேன். லாட்டரி விழுந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் ஜன்னலோரம். அம்மா அடுப்படி வாசலில் நிற்பதை யாரும் பார்க்கவில்லை.

"எப்போ எடுத்தீங்க?"

அப்பா திரும்பினார். "காலையில. இப்பதான். வந்து பாரு நீயும்—"

"எதுக்கு?"

"இவன் வாயை அடைக்கத்தான். வேற எதுக்கு?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக. "இவன் வாயைத்தான் டாக்டர் திங்கக்கிழமையே அடைச்சுட்டாங்களே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க? அதுக்கப்புறம் நாலு நாள் கழிச்சுப் போயிருக்கீங்க. யாருக்காகப் போனீங்க?"

கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுதான். அம்மா ஒரே வரியில் கண்டுபிடித்தாள். நான் படித்த படிப்பில் இவ்வளவு சுத்தமாக யாரும் பழுது கண்டுபிடித்துப் பார்த்ததில்லை.

அப்பா காலி உறையைக் கையில் சுருட்டினார்.

அம்மா கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பை அணைத்தாள். மதியத்துக்குச் சாப்பாடு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். என் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அப்பா வாசல் வரை போனார். "இரு, நான் கொண்டு வந்து விடறேன்," என்றார். "நடந்தே போவேன்," என்றாள்.

என்னால் குதித்துக்கூட அவ்வளவு தூரம் போக முடியவில்லை.

ஏப்ரல் 5

படம் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. அப்பாவும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. காலையில் வெயில் வந்ததும் தரையில் இரண்டு பாதம் விழுகிறது.

ஏப்ரல் 9, புதன்.

அக்கா வந்தாள். சாப்பாட்டுக் கேரியரை டொக்கென்று வைத்தாள்.

"அம்மா எப்படி இருக்கா?"

"எங்க வீட்ல தேய்க்கறதுக்குப் பாத்திரமே மிச்சம் இல்ல. பளபளன்னு இருக்கு. முகம் பார்த்துத் தலை சீவலாம். இப்ப ஜன்னல் கம்பியை ஆரம்பிச்சிருக்கா."

சிரிப்பு வந்தது. இரண்டு பேருக்கும். உடனே அவள் அழுதாள்.

"அவளுக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து அத்தை வாய்க்குப் பயந்தே வாழ்ந்தாடா. நீ போய் அத்தைக்கு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துட்டியே."

போகும்போது வாசலில் நின்று, "காலை உயரத்துல வச்சுக்கறானான்னு கேட்டா. நான் கேட்டேன்னு சொல்லாதன்னும் சொன்னா," என்றாள்.

காலை உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்.

அப்பா சமைக்கிறார். இரண்டு பேருமே உப்பு போட்டோமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நான் கேட்காமலே பேசினார். தட்டைப் பார்த்துக்கொண்டு. "எனக்குச் சந்தேகம் இல்லடா. உன் அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கா, ஒரு நாளும் நினைச்சதில்ல. நீ சொன்னப்போ... படிச்சவன் சொல்றானேன்னு ஒரே ஒரு தடவை நினைச்சுட்டேன். ஒரு தடவை உள்ள வந்துட்டா அது போக மாட்டேங்குதுடா."

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"படம் எடுத்தது கூடப் பரவாயில்ல. அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன் பாரு. அந்த மூஞ்சியை அவ பார்த்துட்டா."

அவர் சந்தேகப்படவில்லை என்றால் அந்தச் சந்தோஷம் எதற்கு? அம்மா இதைத்தான் வாசலில் நின்று பார்த்தாள். அந்தச் சந்தேகத்தை உள்ளே விட்டவன் நான். அவர் அக்காவால் இருபத்தைந்து வருஷமாக முடியாததை நான் ஒரு வேளைச் சாப்பாட்டில் முடித்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்.

கட்டைப் பிரித்தார்கள். கெண்டைக்கால் வற்றி, வேறு யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் பூட் கொடுத்திருக்கிறார்கள், நான்கு பட்டை. இனி அக்குள்கட்டையோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்.

பட்டாணி இருந்த இடத்தில் ஒரு கோடு. அழுத்தினேன். அந்தப் பழைய வலி இல்லை. பதினைந்து வருஷ வலி, இல்லவே இல்லை.

"சந்தோஷமா?" என்றார் டாக்டர்.

ஆமாம் என்றேன். அவர் வேலையில் குறை எதுவும் இல்லை.

மே 3, சனி.

அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு வெயிலில் வெளுத்திருந்தது. வேறு கம்பெனி பராமரிப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் யார் கேட்கிறார்கள்?

படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறினேன். முதல் மாடி தாண்டினேன். இரண்டாவது மாடி வளைவில் மூச்சு வாங்கியது. அக்குள்கட்டை ஒன்று நழுவித் தடதடவென்று கீழே வரைக்கும் போனது. மேலே கதவு திறந்தது.

அம்மா இறங்கி வந்தாள். எனக்கு இரண்டு படி மேலே நின்றாள். இளைத்திருந்தாள்.

"படியேறக் கூடாதுன்னு சொல்லலையா?"

"சொன்னாங்க."

உட்கார்ந்தாள். நான் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். டாக்டர், படம், பரம்பரை, எதுவும் வரக் கூடாது. "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. எந்தக் காலத்துலயும் கேட்டிருக்கக் கூடாது. எலும்பு எங்கேருந்து வந்திருந்தாலும்." அவ்வளவுதான்.

அம்மா சொன்னாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, கைப்பிடிச் சுவரைப் பார்த்து. "உன் அத்தை கேக்கறப்பெல்லாம் உள்ள போயிடுவேன். அடுப்படியில நின்னு நினைச்சுக்குவேன், இவன் வளரட்டும், ஒரு நாள் நமக்காக இவன் பதில் சொல்லுவான்னு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"வளர்ந்துட்ட. சொல்லிட்ட."

என் பூட்டின் மேல் பட்டை தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கை நீண்டது. பாதி வழியில் திரும்பிப் போய்க் கண்ணாடியைச் சரி செய்தது. பட்டையை நானே இறுக்கிக்கொண்டேன்.

"வீட்டுக்கு வாம்மா."

"அந்த வீட்ல ரெண்டு பேரும் என்னைப் பார்க்கறப்போ, நான் என்னத்தை நினைக்கறது?" கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள். "இங்கயே இருந்துடறேன். பேத்திக்கும் ஆள் வேணும்."

கீழே போய்க் கட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். "பார்த்து இறங்கு," என்றாள்.

டா வருமா என்று நின்றேன். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மே 11, ஞாயிறு. மாலை 5.10.

இடது பாதத்தில் எலும்புகள்: 26. சரியான எண்ணிக்கை. வீட்டில் ஆட்கள்: 2.

அக்கா வந்து அம்மாவின் மீதித் துணிகளையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் போனாள். அப்பா மடித்து மடித்துக் கொடுத்தார். குளியலறையில் வெந்நீர் வாளி கவிழ்ந்தபடியே இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை:

1. ஜன்னலில் இருக்கும் படத்தை எடுக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டுவிட்டேன், தலையாட்டினார். கத்தரிக்கோலால் வெட்டிப் போட வேண்டும். பத்திரப்படுத்தக் கூடாது.

2. கணுக்கால் பயிற்சி, தினமும். அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும்.

3. அக்கா வீட்டுக் கட்டட உரிமையாளரைப் பார்க்க வேண்டும். அந்த லிஃப்டை நானே சரி செய்து கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இது எனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

4. அதுவரை சனிக்கிழமைகளில் இரண்டாவது மாடி வளைவு வரை. அதற்கு மேல் ஏறக் கூடாது. அவள் வந்தால் வரட்டும்.

5. அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். நான் யார் சாடை என்று இனி ஒரு முறைகூடக் கேட்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. படம் இல்லாமலே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

6. 5ஐச் செய்ததை அம்மாவிடம் சொல்லக் கூடாது.